ஊசி போட்ட மறுநாள் இறந்தவங்கள எண்ணுறோம், முந்தின நாள் இறந்தவங்கள யாரு எண்ணுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு சார் எழுதியிருந்தாரு. அவங்க தெருவுல ரெண்டு வருஷத்துல மூணு பேரு நெஞ்சு வலியில போயிட்டாங்களாம், மூணு பேருமே கொரோனா ஊசி போட்டவங்களாம், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்னு கேட்டிருந்தாரு. நான் 33 வருஷம் கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. அந்தக் கடிதத்த மூணு தடவ படிச்சேன். அவர் மேல கோபம் வரல, ஏன்னா எங்க அண்ணன் விஷயத்துல எங்க அண்ணி என்கிட்ட கேட்டதும் இதே கேள்விதான், இன்னிக்கு வரைக்கும் அண்ணி என்கூட முகம் கொடுத்துப் பேசறதில்ல.

முதல்ல அந்த சாரோட தெருவையே எடுத்துக்குவோம். பெரியவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல ஊசி போட்டாச்சு. அப்படி இருக்கறப்ப அந்தத் தெருவுல யாரு எதுல இறந்தாலும், பைக்ல இருந்து விழுந்து இறந்தாக்கூட, அவங்க அநேகமா ஊசி போட்டவங்களாத்தான் இருப்பாங்க. மூணு பேருக்கும் ரேஷன் கார்டும்தான் இருந்திருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கற ஒரு விஷயத்த இறந்தவங்ககிட்டயும் பார்த்தோம்னு சொன்னா அதுல இருந்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது சார். ஊசி போடாதவங்க எத்தன பேரு, அவங்கள்ல எத்தன பேருக்கு நெஞ்சு வலி வந்துச்சுன்னும் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் பேச ஆரம்பிக்கவே முடியும்.

2021 ஏப்ரல் எனக்கு மறக்காது. 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு மக்கள்கிட்ட சொன்னாரு. மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி விடியற்காலைல போயிட்டாரு. 59 வயசு. மரம் நடச் சொல்லி ஊர் ஊரா போன மனுஷன். அன்னிக்கு எங்க துணை சுகாதார நிலையத்துல முகாம், எம்பது பேரு பேர் கொடுத்திருந்தாங்க, வந்தது ஒம்பது பேரு. நானும் அங்கன்வாடி டீச்சரும் ஐஸ் பாக்ஸ பக்கத்துல வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அவருக்கு இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்துச்சுன்னு டாக்டருங்க அன்னிக்கே சொன்னாங்க. அந்த மாதிரி கொழுப்பு படிஞ்சு குறுகறதுக்கு வருஷக்கணக்குல ஆகும். பிறகு மத்திய அரசோட குழுவும் விசாரிச்சு ஊசிக்கும் அவர் இறந்ததுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிச்சு. ஆனா அந்த அறிக்கை வரதுக்குள்ள ரெண்டாவது அலை வந்து எங்க ஏரியாவுல எத்தனையோ வீட்ட காலி பண்ணிட்டுப் போயிருச்சு.

இதுல ஒரு கணக்கு இருக்கு, நான் அப்பவே நோட்டுல போட்டுப் பார்த்தேன். அந்த ஏப்ரல் 10 வாக்குல நம்ம நாட்டுல 10 கோடி டோஸ் போட்டு முடிச்சிருந்தாங்க. நம்ம நாட்டுல சாதாரணமா ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 6 பேரு இறக்கறாங்க. 10 கோடிக்கு 6 லட்சம், அத 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூத்து சொச்சம். அதாவது ஊசிக்குப் பதிலா பத்து கோடி பேருக்கு வெறும் தண்ணிய ஏத்தியிருந்தாலும், ஏன், சும்மா கைய தொட்டு அனுப்பியிருந்தாலும், மறுநாள் ஆயிரத்து அறுநூறு பேரு எப்படியும் இறந்திருப்பாங்க. அப்ப போட்டதுல பெரும்பாலும் 45 வயசுக்கு மேல உள்ளவங்க, அதனால நிஜக் கணக்கு கூடத்தான் வரணும். இன்னொரு பக்கம், படுத்த படுக்கையா இருக்கறவங்க முகாமுக்கு வரமாட்டாங்க, நடமாடறவங்கதான் வருவாங்க, அதனால கொஞ்சம் குறையும். பாதியாவே வச்சுக்குங்க, எண்ணூறு. எண்ணூறு வீட்டுலயும் என்ன சொல்லுவாங்க? "நேத்துதான் ஊசி போட்டாரு"ன்னுதான் சொல்லுவாங்க. சொல்றது பொய் இல்ல, நேத்துதான் போட்டாரு.

எங்க நோட்டுல 34ஆம் நம்பர் ஒருத்தரு இருந்தாரு. விவசாயி, அறுவது அறுவத்தொண்ணு வயசிருக்கும், நான் வீட்டுக்குப் போய் பேசினதுல மனசு மாறி அவரே ஆதார் கார்ட எடுத்துக் கொடுத்து பேர் எழுதச் சொன்னாரு. முகாமுக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவரு காலைல எழுந்திருக்கல. நான் அந்த 34ஆம் வரிசைய ஸ்கேல் வச்சு கோடு போட்டு அடிச்சேன், கை நடுங்குச்சு. ஏன்னா அந்த முகாம் மொதல்ல முந்தின நாள்தான் வச்சிருந்தது, மருந்து வரலன்னு ஒரு நாள் தள்ளிப் போட்டாங்க. தள்ளிப் போடாம இருந்திருந்தா? அவருக்கு நான் என் கையால ஊசி போட்டிருப்பேன், ராத்திரி அவரு போயிருப்பாரு, அந்த ஊருல என்ன விட்டிருப்பாங்களா? நானே என்ன விட்டிருப்பேனா? நர்ஸா இருந்தும் என் மனசு ஊசிதான்னு சொல்லியிருக்கும், அது எனக்கு நல்லாவே தெரியுது. இந்த மாதிரி ஊசிக்கு முந்தின நாள் இறந்தவங்களும் நாடு முழுக்க நூத்துக்கணக்குல இருந்திருப்பாங்க, அவங்களப் பத்தி எந்த வாட்ஸ்அப்லயும் வரல, எந்த பேப்பர்லயும் வரல, ஏன்னா அதுல செய்தி இல்ல.

காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு எல்லாரும் சொல்றோம், சொல்லிட்டு அங்கயே நிறுத்திடறோம். அதுக்கு மேல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஆடி ஆவணியில பனந்தோப்புப் பக்கம் குடியிருந்தவங்களுக்குத் தெரியும், ராத்திரி பூரா தொப்பு தொப்புன்னு விழும், காக்கா தூங்கிக்கிட்டிருக்கும். அதே காக்கா வருஷம் பூரா அதே மரத்துல உக்காந்து எந்திரிக்குது, ஒண்ணும் விழறதில்ல. காக்காவும் இல்லாம பழமும் விழாம போற நேரம்தான் ரொம்ப ஜாஸ்தி. ஆக மொத்தம் நாலு கட்டம் இருக்கு. நமக்கு மனசுல நிக்கறது ஒரே ஒரு கட்டம், காக்காவும் உக்காந்து பழமும் விழுந்தது. முகாமுல பொம்பளைங்ககிட்ட நான் சாக்பீஸ்ல தரையில இந்த நாலு கட்டத்தத்தான் போட்டுக் காட்டுவேன், ஊசி போட்டு இறந்தவங்க, போட்டு நல்லா இருக்கறவங்க, போடாம இறந்தவங்க, போடாம நல்லா இருக்கறவங்க. ஒரு ஆயா கேட்டுச்சு, "ஏம்மா நர்ஸம்மா, அப்ப மத்த மூணு கட்டத்துல உள்ளவங்கள யாரு போயி விசாரிச்சா?" அந்தக் கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட சரியான பதில் இல்ல.

பின்னாடி விசாரிச்சாங்க. ஐசிஎம்ஆர்னு சொல்ற மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 47 ஆஸ்பத்திரிய வச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2023ல வெளியிட்டுது. 18லிருந்து 45 வயசுக்குள்ள, நல்லா இருந்து காரணம் தெரியாம திடீர்னு இறந்தவங்க 729 பேர எடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் அதே வயசு வாக்குல, ஆணுன்னா ஆணு பொண்ணுன்னா பொண்ணு, அதே அக்கம் பக்கத்துல உயிரோட இருக்கற நாலு நாலு பேரா மொத்தம் 2,916 பேர எடுத்து ரெண்டு பக்கத்தயும் ஒப்பிட்டாங்க. இதுதான் சார் நாலு கட்டம். ஊசி திடீர் சாவ கூட்டல, ரெண்டு டோஸ் போட்டவங்ககிட்ட அந்த அபாயம் குறைவாத்தான் இருந்துச்சு. கூடுதலா காணப்பட்டது எதுன்னா, கொரோனா வந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தது, குடும்பத்துல ஏற்கனவே திடீர் சாவு இருந்தது, இறக்கறதுக்கு முன்னாடி 48 மணி நேரத்துல ஏகத்துக்கும் குடிச்சது, இல்ல ரொம்பக் கடுமையா உடம்ப வருத்தினது. இதுலயும் நான் ஒண்ணு சொல்லணும், ஊசி போட்டவங்ககிட்ட அபாயம் குறைவுன்னு வந்ததால ஊசிதான் இதயத்த காப்பாத்துச்சுன்னு உடனே நானும் குதிச்சுடக் கூடாது, ஊசி போட்டுக்கறவங்க பொதுவாவே உடம்ப கவனிச்சுக்கறவங்களா இருக்கலாம். நமக்குப் பிடிச்ச பதில் வந்தாலும் அதே கேள்விய கேட்டுத்தான் ஆகணும்.

கபசுர குடிநீர் விஷயத்துல நாம அத கேக்கலையே. 2020ல நானும் தினமும் குடிச்சேன், வீடு வீடா கொடுத்தேன், குடிச்சவங்க எல்லாம் நல்லாயிட்டாங்கன்னு நானே ஊரெல்லாம் சொன்னேன். ஆனா கொரோனா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒண்ணும் குடிக்காமலே நல்லாயிட்டாங்க. நல்லதுன்னு நினைச்ச ஒண்ணுக்கு பின்னாடி நல்லது நடந்தா அதோட பலன்னு சொல்றோம், பயந்துக்கிட்டிருந்த ஒண்ணுக்கு பின்னாடி கெட்டது நடந்தா அதோட விளைவுன்னு சொல்றோம், ரெண்டுமே ஒரே தப்புதான், முதல் தப்ப நான் செஞ்சவ.

இப்படிச் சொல்றதால ஊசிய சந்தேகப்படறதே முட்டாள்தனம்னு நான் சொல்றேன்னு யாரும் நினைக்க வேணாம். 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட நாலு பச்சக் குழந்தைங்க ஒரே நாள்ல இறந்துச்சு. நான் அப்ப சர்வீஸ்ல இருந்தேன், அன்னிக்கு ராத்திரி தமிழ்நாட்டுல எந்த நர்ஸும் தூங்கியிருக்க மாட்டா. அங்க யாரும் காக்கா பனம்பழம்னு பேச முடியாது. ஒரே மாவட்டம், ஒரே நாள், ஊசி போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ள, ஆரோக்கியமா இருந்த நாலு குழந்தைங்க. தற்செயலா அப்படி நடக்க வாய்ப்பே இல்லாத கணக்கு அது. அதுக்கு அப்புறம்தான் ஊருக்குள்ள போயி குழந்தைங்களுக்கு ஊசி போடறத நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துல மட்டும் போடணும்னு நம்ம மாநிலத்துல மாத்தினாங்க.

கொரோனா ஊசியிலயும் நிஜமான ஒரு விளைவு இருந்துச்சு. 2021 மார்ச்சுல ஐரோப்பாவுல அஸ்ட்ராசெனகா ஊசி போட்ட கொஞ்சம் பேருக்கு, அதாவது நம்ம ஊர்ல கோவிஷீல்டுன்னு போட்டமே அதே ஊசி, மூளையில இருந்து ரத்தத்த வெளிய கொண்டு போற நாளத்துல ரத்தம் உறைஞ்சுது, அதே சமயம் ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் குறைஞ்சுது. சாதாரணமா இந்த ரெண்டும் சேர்ந்து வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஊசி இல்லாம எத்தன பேருக்கு வந்திருக்கும்னு கணக்கு பார்த்தாங்க, அதவிட கூட இருந்துச்சு. வயசு குறைஞ்சவங்ககிட்ட கூடுதலா இருந்துச்சு, ஊசி போட்டு ஒரு வாரம் ரெண்டு வாரம்னு ஒரு குறிப்பிட்ட இடைவெளியில வந்துச்சு, ரத்தத்துல உள்ள ஒரு புரதத்துக்கு எதிரா உடம்பே எதிர்ப்புப் பொருள உண்டாக்குதுன்னு எப்படி வருதுங்கறதயும் கண்டுபிடிச்சாங்க. ஏப்ரல் 7ஆம் தேதி ஐரோப்பிய மருந்து ஏஜென்சி இது ஊசியோட மிக அரிதான பக்க விளைவுன்னு அறிவிச்சுது, பிரிட்டன் அன்னிக்கே 30 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வேற ஊசி கொடுங்கன்னு சொல்லிச்சு. லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வர்றத இப்படிப் பிடிக்க முடிஞ்சுது. அதே கண்ணாடியப் போட்டுத்தான் சாதாரண மாரடைப்பயும் பார்த்தாங்க, அங்க அப்படி ஒண்ணும் கூடல.

இப்ப எங்க அண்ணன் கதைக்கு வரேன். 2021 ஆகஸ்ட்டு, ரெண்டாவது டோஸ் கோவிஷீல்டு, நான்தான் வண்டியில உக்கார வச்சு கூட்டிட்டுப் போனேன். பதினோராவது நாள் காலைல மார அழுத்திப் பிடிச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்தவரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ரொம்ப மோசமாயி, சாயங்காலம் போயிட்டாரு. எடுத்துட்டு வந்து வாசல்ல கெடத்தியிருக்கு, அண்ணி அத்தன பேரு முன்னாடி, "நீதானே கூட்டிட்டுப் போன, நல்லா இருந்த மனுஷன நீதானே கூட்டிட்டுப் போன"ன்னு என் தலைமுடியப் பிடிச்சிடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. 2024ல அஸ்ட்ராசெனகா கம்பெனி அந்த ரத்த உறைவு ரொம்ப அபூர்வமா வரலாம்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டதா செய்தி வந்தப்போ அண்ணன் மகன் அத எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிச்சான், கீழ ஒரு வார்த்தை எழுதல.

பதினோரு நாளுங்கறது அந்த இடைவெளிக்குள்ளதான் வருது, அதனால எனக்கும் தூக்கம் போச்சு. ஆஸ்பத்திரி சீட்ட எடுத்துப் பார்த்தேன். தட்டணுக்கள் 2,40,000, குறையவே இல்ல. ஈசிஜில மாரடைப்பு, டாக்டரு இதயத்துல பழைய பாதிப்பும் இருக்குன்னு எழுதியிருந்தாரு. அண்ணனுக்கு பதினெட்டு வருஷமா சுகர், பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இத விட எனக்கு பெரிய சாட்சி கிடைச்சது தெருமுனை பெட்டிக்கடையில. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அண்ணனோட கடன் பாக்கிய கொடுக்கப் போனேன், கடைக்காரரு நோட்டப் புரட்டிக் காட்டினாரு. பீடி, தீப்பெட்டி, பீடி, வெத்தல, பீடி. ஜூலை நடுவுல இருந்து புதுசா ஒண்ணு ஏறுது, ஈனோ ஒண்ணு, சோடா ஒண்ணு. அடுத்த நாளும் ஈனோ. அப்புறம் தினமும், சில நாள் ரெண்டு தடவ. "நெஞ்சு கரிக்குது, மாடிப்படி ஏறினா அடைக்குது, கேஸுதான்னு சொல்லுவாரும்மா"ன்னு கடைக்காரரு சொன்னாரு. நான் அந்த கடையிலயே உக்காந்துட்டேன். ஊசி போட்டது ஆகஸ்ட்டு, நோட்டுல நெஞ்சு கரிப்பு ஜூலைலயே ஆரம்பிச்சிருக்கு. ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கற தங்கச்சிகிட்ட அவரு சொல்லல, நானும் கேக்கல.

இவ்வளவு இருந்தும், என் அண்ணன் ஒருத்தரு விஷயத்துல ஊசிக்கு துளிகூட பங்கு இல்லன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுன்னு சொன்னா என்னால முடியாது. ஒரே ஒருத்தரோட சாவ வச்சுக்கிட்டு யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது, ஏன்னா ஊசி போடாத இன்னொரு அண்ணன் எனக்கு இல்ல ஒப்பிட்டுப் பார்க்க. சீட்டு, நோட்டு, சுகர், பீடி எல்லாத்தயும் ஒரு தட்டுல வச்சா அது கீழ இறங்குது, பதினோரு நாளுங்கற ஒண்ண மட்டும் இன்னொரு தட்டுல வச்சா அது மேலயே நிக்குது, இதுதான் என்னால சொல்ல முடிஞ்சது. அண்ணிக்கு இது பதிலா தெரியாது. நேத்து இருந்த ஆளு இன்னிக்கு இல்லன்னா யாரையாவது கை காட்டத்தான் மனசு தேடும், பதினெட்டு வருஷ சுகர கை காட்ட முடியுமா, அதுக்கு முகம் கிடையாது, எனக்கு முகம் இருக்கு.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு கோரிக்கை. "ஊசி போட்ட மறுநாள் மரணம்"னு செய்தி போடாதீங்கன்னு சொல்லல, போடுங்க, நடந்தா விசாரிக்கணும். கூடவே ரெண்டே ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க, அன்னிக்கு அந்த மாவட்டத்துல எத்தன பேருக்கு ஊசி போட்டாங்க, அந்த வயசுல சாதாரணமா ஒரு நாளைக்கு எத்தன பேரு இறப்பாங்கன்னு. மாவட்ட சுகாதார அலுவலகத்துல கேட்டுப் பாருங்க. விசாரணை முடிவு வர்றப்போ, அது ஊசியாலதான்னு வந்தாலும் சரி இல்லன்னு வந்தாலும் சரி, முதல் செய்தி போட்ட அதே பக்கத்துல அதே அளவு எழுத்துல போடுங்க.

எனக்கு இது ஏன் இவ்வளவு அவசரம்னா, அண்ணனோட பேத்திக்கு இப்போ 22 மாசம். தட்டம்மை ரூபெல்லா ரெண்டாவது டோஸ் 16லிருந்து 24 மாசத்துக்குள்ள போடணும், அட்டையில அந்தக் கட்டம் இன்னும் காலியா இருக்கு. குழந்தைங்க பேசறது குறையறது, கூப்பிட்டா திரும்பிப் பார்க்காதது இதெல்லாம் ஆட்டிசத்துல பெத்தவங்க கண்ணுல படறதும் கிட்டத்தட்ட இதே வயசுலதான், அதனால அந்த ஊசிய இதோட முடிச்சுப் போட்டு ஒரு வீடியோ சுத்துது, அண்ணி அதப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லிடுச்சு. 1998ல 12 குழந்தைங்கள வச்சு லண்டன்ல லான்செட்டுங்கற மருத்துவப் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதி கிளப்பிவிட்ட கதை அது, அந்தக் கட்டுரைய அந்த பத்திரிகையே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு, டென்மார்க்குல ஆறரை லட்சம் குழந்தைங்கள வருஷக்கணக்கா பார்த்து சம்பந்தம் இல்லன்னு 2019லயே சொல்லியாச்சு. 2022 கடைசியில மும்பையில தட்டம்மை பரவி குழந்தைங்க இறந்துச்சே, அதுல பெரும்பாலும் ஊசி போடாத குழந்தைங்கதான்.

மருமக பொண்ணு எனக்கு போன் பண்ணி, "அத்தை சரின்னு சொன்னா நான் உடனே தூக்கிட்டு வந்துடறேன், நீங்களே வந்து சொல்லுங்க சின்னத்தை"ன்னு அழுதுச்சு. நாலு வருஷமா நான் அந்த வீட்டுப் படி ஏறல. இந்த புதன்கிழமை தடுப்பூசி நாள், அதுக்கு முன்னாடி செவ்வாக்கிழமை சாயங்காலம் போறதா இருக்கேன். பெட்டிக்கடைக்காரருகிட்ட கேட்டு அந்த பழைய நோட்ட வாங்கி வச்சிருக்கேன், அண்ணி கேட்டா மட்டும் எடுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.